கணக்கில் வராத தட்டு

பத்மாசினி அக்கா பைரவியைத் தொட்டுவிட்டார். இனி கொஞ்ச நேரத்துக்கு எனக்கு வேலை கிடையாது. அவர் ராகத்தை விரித்துப் பாடி, அப்புறம் கோதண்டம் வயலினில் வாசித்து, அதற்கப்புறம்தான் பாட்டு. அதுவரை மிருதங்கத்தோடு வேதமூர்த்தி சாரும் கடத்தோடு நானும் சும்மா உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடம் வாசிக்கிறவளுக்கு வாழ்க்கையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான் என்று ஒருமுறை பிரகாசத்திடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் நிற்கிற என் புருஷன் அதற்கு, எனக்கும் அப்படித்தான், லென்ஸை மாத்தி மாத்திப் போட்டுட்டு இப்பத் தெரியுதான்னு கேட்டுக் காத்துக்கிட்டே நிக்கணும் என்றான். இப்போது தெரியுதா. இப்போது. கை பானையின் கழுத்தில் இருக்கிறது. மேடை விளக்கின் சூட்டில் மண் கதகதப்பாகியிருக்கிறது, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி. இல்லை, குழந்தை என்று நினைக்கக் கூடாது, அந்தச் சொல் வந்தால் பின்னாலேயே எல்லாம் வந்துவிடும். பானையின் வாய் இன்றைக்கு மேலே பார்த்திருக்கிறது. எப்போதும் என் வயிற்றைப் பார்த்திருக்கும். வாயை வயிற்றோடு அழுத்தி, கொஞ்சம் விலக்கி, மறுபடி அழுத்தி அடித்தால் ஆழத்திலிருந்து ஒரு கும்மென்ற சத்தம் எழும், அந்தச் சத்தத்துக்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், மங்கையர்க்கரசி வந்தால் அடிச்சத்தம் நன்றாக விழும் என்று. இன்றைக்கு அது இல்லை. முதல் பாட்டிலேயே வேதமூர்த்தி சார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மைக் சரியில்லை என்று நினைத்திருப்பார். சார், மைக் சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு ஐந்தாம் மாசம். என் புருஷனையும் டாக்டரையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது, பொன்மலையில் இருக்கிற அம்மாவுக்குக்கூட. சேலைத் தலைப்பும் மடியில் ஒரு பானையும் இருந்தால் எந்த வயிறும் தெரியாது. ஒளிந்துகொள்வதற்கு மேடையைப் போல ஒரு இடம் இல்லை, முந்நூறு பேர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்கா கீழே இறங்குகிறார். அவர் குரல் கீழே போகும்போது முதுகு லேசாக வளைகிறது, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி. அந்தக் கோயம்புத்தூர்க் கச்சேரியிலும் அவர்தான் பாடினார், அன்றைக்கு எந்த ராகம், ஞாபகமில்லை, எப்படி ஞாபகமில்லாமல் போகும், எல்லாக் கச்சேரியும் ஞாபகமிருக்கிற எனக்கு அது மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அன்றைக்கு நன்றாக வாசித்தேன் என்பது மட்டும் தெரியும். வயிற்றோடு அழுத்தி அழுத்தி, அந்த அடிச்சத்தம் மண்டபத்தின் பின்சுவரில் போய் முட்டித் திரும்பி வந்தது. ஊருக்கு வந்து இரண்டு நாளில் எல்லாம் முடிந்துபோனது. அப்போது எனக்கு மூன்றாம் மாசம். குளியலறைத் தரையின் பச்சைக் கட்டம், பிரகாசம் கதவைத் தட்டின சத்தம், அதைக்கூட என் காது எண்ணியது, மூன்று, ஒரு இடைவெளி, மூன்று. இந்தக் காதை என்ன செய்வது. அம்மா வந்து பத்தியம் பார்த்தாள். ரசம் சாதத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் நீட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல், வயித்துல வச்சு வச்சு அடிச்சியேடி, அது பாவம் எங்க தங்கும் என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லிச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள், அதனால் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். கரு உருவாகும்போதே இருந்த கோளாறும்மா, நீங்க ஓடியிருந்தாலும் படுத்தே கிடந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், பானைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் தலையாட்டினேன். ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், காரணம் எது, தற்செயல் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியும். தெரிந்து என்ன. டாக்டர் சொன்னது தலையில் இருக்கிறது, அம்மா சொன்னது வயிற்றில் இருக்கிறது. இந்தத் தடவையும் டாக்டரம்மா, தாராளமா வாசிங்க, கனம் மட்டும் தூக்காதீங்க என்றார். சரி என்றேன். ஆனாலும் இன்றைக்குப் பானையின் வாய் மேலே பார்த்திருக்கிறது.

ஃப்ளோரா டீச்சரைப் போன மாசம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். எனக்கு அடுத்த வகுப்பறையில் பாடம் எடுத்தவள். இன்னும் அந்தப் பானையத்தான் வாசிக்கிறியா, முழுநேரமும் அதுதானா, எப்படி உனக்கு விட்டுப்போகாம இருக்கு என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிடிச்சிருக்கு என்றேன். பஸ் வந்துவிட்டது. பிடித்திருக்கிறது என்பது பதிலே இல்லை. பிடித்தது எத்தனையோ விட்டுப்போயிருக்கிறது. இது எனக்கும் விட்டுத்தான் போயிற்று, ஃப்ளோரா. கோயம்புத்தூருக்குப் பிறகு நாலைந்து மாசம் நான் பானையைத் தொடவில்லை. கூப்பிட்டவர்களிடம் கை வலி என்றேன். எல்லாப் பானைகளையும் பின்னறையில் வரிசையாகப் பழைய புடவையைச் சும்மாடாகச் சுருட்டி அதன்மேல் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டேன். மறுபடி வேலைக்குப் போகலாம் என்று நினைத்தேன், பள்ளிக்கூடத்தில் மணியடித்தால் வகுப்பு, மணியடித்தால் வீடு, யாரும் யாரையும் முன்னால் உட்கார வைத்து அளந்து பார்ப்பதில்லை. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் கடத்துக்கென்று தனியாக ஒரு ஏழெட்டு நிமிஷம் கிடைக்கும், அதையும் நேரமாகிவிட்டது என்று சில நாள் கண்ணைக் காட்டிச் சுருக்கிவிடுவார்கள், மறுநாள் பேப்பரில் கடமும் பொருத்தமாக இருந்தது என்று ஒரு வரி. பொருத்தமாக. செருப்பு வாங்கினால் சொல்கிற சொல். அந்த ஒரு வரிக்காகவா என்று கேட்டுக்கொண்டே பகலெல்லாம் படுத்துக் கிடந்தேன். ஒரு மத்தியானம் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று வந்து எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றது. இஞ்சினை நிறுத்தாமல் டிரைவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அப்போது பின்னறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு சத்தம். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. பானைகள்தான். லாரியின் உறுமலில் அவை தானாகவே முனகிக்கொண்டிருந்தன, எல்லாம் இல்லை, ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் பலமாக. அதன் வாயில் காதை வைத்தேன். தெரு முழுவதும் உள்ளே இருந்தது. லாரி, டிரைவரின் பேச்சு, காகம், தூரத்தில் எங்கோ மரம் அறுக்கிற சத்தம், எல்லாம் கரைந்து ஒரே சுரமாக. நான் வாசிக்காதபோதும் அது இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று தோன்றியது. லாரி போன பிறகும் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், பிறகு ஒரு விரலால் தட்டினேன். அவ்வளவுதான். இதை பஸ் ஸ்டாப்பில் எப்படிச் சொல்வது.

கோதண்டம் முடிக்கப் போகிறார். வில்லை இழுத்து இழுத்து மேல் சட்ஜத்தில் நிற்கிறார். அக்காவும் அவருடன் சேர்ந்துகொள்கிறார், வாயைத் திறக்காமல் மெல்ல, வெறுமனே அந்தச் சுரத்தில் சாய்ந்துகொள்கிற மாதிரி. என் விரல் நுனியில் பானை அதிர்கிறது. அக்காவின் சுருதிக்கென்று தேர்ந்தெடுத்த பானை, அவர் அந்தச் சுரத்தில் நின்றால் யாரும் தொடாமலே இதுவும் கூடவே நிற்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. குளத்து மண்ணும் நெருப்பும் சேர்ந்து செய்த ஒரு சாமான், அதற்கு ஒரு பெண்ணின் தொண்டையை எப்படி அடையாளம் தெரிகிறது. முன் வரிசையில் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். இரண்டாம் வரிசையில் கண்ணை மூடியிருக்கிற அம்மாள் தூங்குகிறாரா கேட்கிறாரா தெரியவில்லை. ஜனவரியில் அக்கா ஆஸ்திரேலியா போகிறார், பக்கவாத்தியத்துக்கு யார் யார் என்று இந்த வாரம் முடிவாகும், என்னையும் சேர்ப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால்தான் இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஜனவரி. ஜனவரியில்தான் டாக்டரம்மாவும் ஒரு தேதி குறித்திருக்கிறார். அப்படி ஒரு ஜனவரி வந்தால். வராவிட்டால் ஆஸ்திரேலியா போகலாம். சீ, என்ன நினைப்பு இது. ஆனால் நினைத்தேன், மனசு அங்கேதான் போய்ப் போய் நிற்கிறது, நாக்கு ஓட்டைப் பல்லுக்குப் போவது போல. இரண்டையும் ஆசைப்படுகிறவளுக்கு இரண்டும் இல்லாமல் போகும் என்று யாரோ உள்ளே இருந்து சொல்கிறார்கள். அம்மாவின் குரல் மாதிரி இருக்கிறது. அம்மா அப்படிச் சொன்னதே இல்லை, நானாக அவள் குரலில் சொல்லிக்கொள்கிறேன்.

பாட்டை எடுத்துவிட்டார். மெதுவான ஆதி தாளம், ஒரு சுற்று முடிவதற்குள் ஒரு மூச்சு எடுத்து விட்டு மறுபடி எடுக்கலாம், அவ்வளவு விரிந்த தாளம். வேதமூர்த்தி சார் ஒரு சுற்று கேட்டுவிட்டு உள்ளே வருகிறார், நான் அவர் நிழலில் போகிறேன், விரல் நுனியால் மட்டும், பானையின் தோள்பக்கத்தில், அரிசியைத் தரையில் உதிர்க்கிற மாதிரி. அக்காவின் வலது உள்ளங்கை தொடையில் விழுகிறது, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அந்தக் கை விழும் இடமெல்லாம் எனக்கு ஆணி அடித்த மாதிரி தெரியும், கண்ணை மூடினாலும் தெரியும், உலகத்தில் எது எதன் மேல் மோதினாலும் அது ஒரு கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், வைப்பர், ரயில், கதவு, விக்கல். இரண்டாம் பகுதி வந்தது. வேதமூர்த்தி சார் தலையை லேசாக அசைத்தார், நீ நிறுத்திக்கொள், நான் மட்டும் என்று அர்த்தம். கையை எடுத்துப் பானையின் மேல் வைத்தேன். அக்கா மேலே போய் ஒரு சுரத்தைப் பிடித்தார். அப்போது உள்ளே ஒரு தட்டு. என்ன இது. தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாக. மத்தியானம் சாப்பிட்ட கொண்டைக்கடலைச் சுண்டலாக இருக்கும். வாயுவாக இருக்கும். ஆனால் வாயு நகரும், இது நகரவில்லை, தட்டியது. விரல் நுனியால், நகம் படாமல், உள்ளேயிருந்து வெளியே. எனக்கு இருபது வகைத் தட்டு தெரியும், விரலில் எந்த இடம் பட்டது என்றுகூடச் சொல்லுவேன், இது தட்டுதான். மூச்சை நிறுத்திக்கொண்டேன். அக்காவின் கை விழுந்தது, ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் எங்கோ மறுபடியும். சரியாக நடுவிலும் இல்லை. பாதியிலும் இல்லை, கால்வாசியிலும் இல்லை. எந்தக் கணக்கிலும் விழவில்லை. அக்காவின் தாளத்தில் இல்லை, மிருதங்கத்தின் தாளத்தில் இல்லை, என் இதயத் துடிப்பிலும் இல்லை. தெய்வமே. இத்தனை பேர் ஒரே தாளத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மண்டபத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் அதைக் கேட்டு ஆடவில்லை, தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொண்டு, தனக்குத் தோன்றியபோது தட்டுகிறது. யார் நீ. நான் தட்டின தட்டு இல்லை அது, எனக்குள் இருக்கிறது, ஆனால் நான் இல்லை. எனக்கு எண்ணத் தெரியாத ஒன்று என் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேர்வையைத் துடைப்பதுபோலத் துண்டை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டேன். இரண்டாம் வரிசை அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார், பைரவிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார், பைரவிக்கும் சேர்த்துத்தான் அம்மா. இன்னொரு முறை வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா ஒரே வரியை எடுத்துக்கொண்டு விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் பாடினார், அது முடிந்து சுரங்களை அடுக்க ஆரம்பித்தார், வேகம் ஏறியது, என்னை உள்ளே வரச் சொல்லி வேதமூர்த்தி சார் கண்ணைக் காட்டினார், வாசித்தேன், கை தானாகவே வாசித்தது, காது முழுவதும் கீழே இருந்தது. வரவில்லை. பயமாக இருந்ததா. பயம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன், இருந்தது, ஓரமாக உட்கார்ந்திருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அது நான் வாசித்ததால் அசையவில்லை. நான் கையை எடுத்தபோதும், வாசிக்காதபோதும், அதற்கு இஷ்டமானபோது அசைந்தது. அப்படியென்றால் அன்றைக்குப் போனதும் நான் வாசித்ததால் போகவில்லை. இது நிரூபணம் இல்லை, பிள்ளைகள் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் டாக்டரம்மா இத்தனை மாசமாகத் தலைக்குச் சொன்னதை ஒரு சின்ன விரல் வயிற்றுக்குச் சொல்லிவிட்டது. அது அதன் பாட்டைப் பார்க்கிறது, நான் என் பாட்டைப் பார்க்கலாம். சுரங்கள் சுழன்று சுழன்று வந்து ஒரே இடத்தில் விழுந்தன, கைதட்டல், அக்கா சிரித்துக்கொண்டே வேதமூர்த்தி சார் பக்கம் கையை நீட்டினார். இனி பாட்டு இல்லை, வயலின் இல்லை, எங்கள் இரண்டு பேரின் முறை. அவர்தான் முதலில். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் நான் பானையை மடியில் மெல்லத் திருப்பி அதன் வாயை என் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. சத்தமில்லாமல் ஆரம்பித்தேன், அழுத்தாமல். பிறகு கொஞ்சம் அழுத்தி ஒரே ஒரு அடி. கும்மென்று எழுந்து மண்டபத்துக்குள் போனது, அதே சத்தம் என் எலும்பு வழியாகக் கீழேயும் போனது. வேதமூர்த்தி சார், ம், என்றார், இன்றைக்கு முதல் தடவையாக. உள்ளே இருக்கிற நீ பயந்துவிட்டாயா, பயப்படாதே, இது நான்தான், இதுதான் என் வேலை, பொன்மலையில் இரண்டு தெரு தள்ளி இருந்த அரசு இசைப்பள்ளியில் வீணைக்கு இடமில்லை என்று சொல்லி இதைக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து இதுதான். அவர் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று. அவர் முடிச்சுப் போடுவார், நான் அவிழ்த்து இன்னொரு முடிச்சாகத் திருப்பிக் கொடுப்பேன். மூன்றை ஐந்தாக்கி ஐந்தை ஏழாக்கி, சுற்றைச் சுருக்கிக்கொண்டே வந்தோம், முழுச் சுற்று பாதியாயிற்று, அவர் தன் பாதியை வாசித்து முடித்து என்னிடம் விட்டார், நான் கையை ஓங்கினேன், அப்போது அது மறுபடியும். பானையின் வாய் இருந்த இடத்திலேயே. என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தவறு, வாசிக்க வேண்டும், வாசி மங்கை, என்று தலை சொல்கிறது, கை இறங்க மாட்டேன் என்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களின் நடுவில் சத்தம் போடக் கூசுகிற மாதிரி. அக்காவின் உள்ளங்கை தொடையில் விழுகிற சத்தம் மட்டும். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. செல்போன்காரர் நிமிர்ந்துவிட்டார். வேதமூர்த்தி சாரின் கை மிருதங்கத்துக்கு மேலே தயாராக நிற்கிறது, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று, ஆனால் அவர் தொடவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். உள்ளே ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. உலகத்திலேயே மெல்லிய தனி ஆவர்த்தனம், எனக்கு மட்டும் கேட்கிறது. என் பாதிச் சுற்று முழுவதும் போய்விட்டது, கடைசி அடிக்கு மட்டும் இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு அடி, ஆழமாக, ஒன்றே ஒன்று. அது விழுந்த அதே நொடியில் வேதமூர்த்தி சார் உள்ளே பாய்ந்தார். மண்டபம் ஆ என்றது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஆற்றில் இழுத்துப்போன மாதிரி. இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம், அவர் கை எது என் கை எது என்று பிரிக்க முடியாத வேகம், கடைசிக் கோர்வை மூன்று முறை வந்து பாட்டு தொடங்குகிற இடத்தில் போய் விழ வேண்டும், முதல் முறை விழுந்தது, இரண்டாம் முறை, மூன்றாம் முறையின் நடுவில் நான் எண்ணவே இல்லை, எண்ணாமல் எப்படி வருகிறது, தெரியாது, வந்தது. அக்காவின் குரல் பாட்டை மறுபடி எடுத்தது. கைதட்டல் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு இரண்டு சின்னப் பாட்டு, மங்களம். திரை இறங்கியதும் எல்லோரும் பின்னால் இருந்த அறைக்குப் போனோம். வேதமூர்த்தி சார் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, நடுவுல விட்டியே அந்த இடம். எங்க புடிச்ச அத?"

"புடிக்கல சார்."

"பின்ன?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "குழந்தை அசைஞ்சது சார். முத தடவையா. கை ஓடல."

உறையின் நாடாவைப் பிடித்தபடியே நின்றார். வயசான மனுஷர், நாற்பது வருஷமாக மேடையில் இருக்கிறவர். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "நான் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கணும்" என்றார். "அவசரப்பட்டு உள்ள வந்துட்டேன்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பத்மாசினி அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "என்னது? மங்கை, சொல்லவே இல்லையேடி நீ."

"சொன்னா கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன்க்கா."

அவர் யோசித்தார். மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு. "கூப்பிட்டிருக்க மாட்டேன்தான்" என்றார். "பயந்திருப்பேன். எப்போ?"

"ஜனவரி."

"ஓ" என்றார். ஆஸ்திரேலியா அந்த ஓவுக்குள் இருந்தது, இரண்டு பேருக்கும் தெரிந்தது. "அதுக்கு வேற யாரையாவது பார்த்துக்கறேன். அதுக்கப்புறம், நீ எப்ப முடியும்னு சொல்றியோ அப்ப." கிட்டே வந்து என் கையைப் பிடித்தார், தாளம் போட்டு முடித்த கை, ஜில்லென்று இருந்தது. "நான் தாளத்தை விடலடி. என்ன நடக்கறதுன்னே தெரியல, ஆனா போட்டுண்டே இருந்தேன்."

அப்புறம் என்றால் எப்போது, அது வருமா, அதற்குள் வேறொருத்தர் அந்த இடத்தில் உட்கார்ந்து பழகிவிடுவாரா, எனக்குத் தெரியும் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று. வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது, மயிலாப்பூர்க் குளத்துக்கு மேலே வானம் குங்குமப்பூப் போட்ட பால் மாதிரி. கடையில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு பிரகாசம் ஆட்டோவோடு நின்றிருந்தான். பானையை வாங்கிப் பின்னால் வைத்துக் கட்டிவிட்டு, என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு, உடம்புக்கு ஏதாவதா என்று பதறினான். ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னேன். ஆஸ்திரேலியா இல்லை என்றும் சொன்னேன், அது அவன் காதிலேயே விழவில்லை. எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாளத்துல இல்லப்பா, அது பாட்டுக்குத் தட்டுச்சு என்றேன். அவன் கையை எடுத்து, சேலைக்கு மேலாக, அந்த இடத்தில் வைத்தேன். ஆட்டோ லஸ் முனையில் நின்றது, எல்லாப் பக்கமும் ஹாரன், பஸ்ஸின் உறுமல், யாரோ ஒருவன் பூ விற்கிறான். பிரகாசம் மூச்சுவிடாமல், கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, ரொம்ப தூரத்தில் பேசுகிற யாரையோ கேட்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

"இல்லையே" என்றான்.

"நாம சொன்னா வராது."

"சரி" என்றான். விளக்குப் பச்சையாகி ஆட்டோ கிளம்பியது. அவன் கையை எடுக்கவில்லை.